கடலூரில் இருந்தபடியே களப்பயணம்: கணக்கும் அறிவியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மாலைதோறும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஒரு லேப்டாப், ஒரு பழைய டிவி. இவற்றை வைத்துத்தான் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் விண்வெளி நிலையத்துக்கும் போய் வருகிறோம். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், பெற்றோர், டியூஷன் எடுக்கும் அக்கா அண்ணன்மாருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் திரை நடுவில்தான் வர வேண்டும். முதலில் கை வேலை, அப்புறம் திரை, திரும்பவும் கை வேலை. எங்கள் கணக்கு 25 நிமிடம், 20 நிமிடம், 30 நிமிடம். இந்த வரிசை மாறிய நாட்களில் பிள்ளைகள் "சூப்பரா இருந்துச்சு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கேட்டால் எதுவும் மிஞ்சவில்லை.

1. இடத்துக்கு முன்னால் கேள்வி

எந்த இடத்தைக் காட்டலாம் என்று தேடத் தொடங்காதீர்கள். பிள்ளைகள் பள்ளியில் இப்போது எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பரப்பளவா, வட்டமா, விகிதமா, சவ்வூடு பரவலா? அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். பதில் ஒரு எண்ணாகவோ ஒரு படமாகவோ வரக்கூடிய கேள்வியாக இருக்கட்டும்.

"நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்ப்போம்" என்பது கேள்வி இல்லை. "அந்தப் பள்ளத்தின் பரப்பு எத்தனை சதுர கிலோமீட்டர்?" என்பது கேள்வி. முதலாவதைச் சொன்னால் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் "எப்படி அளப்பது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்களோடு சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி, முதல் வகுப்புக்காக மூன்று நாள் உழைத்து எட்டு இடங்களைத் தயார் செய்து வந்தார். பிரமிடு, பவளப்பாறை, செவ்வாய், எரிமலை என்று எல்லாம் ஒரே மணி நேரத்தில். அவ்வளவு உழைப்பில் பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது ஒரு சுறா மட்டும்தான். ஒரு மாலைக்கு ஓர் இடம் போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கம்ப்யூட்டரில் நிறுவிய கூகுள் எர்த் ப்ரோ. இது இலவசம். செல்பேசிச் செயலியைவிட இதைச் சொல்வதற்குக் காரணம், அளவுகோலும் பழைய ஆண்டுப் படங்களைப் பார்க்கும் வசதியும் இதில் கைக்கு எளிதாக இருக்கின்றன. விசை, மின்சுற்று, பின்னம் போன்ற பாடங்களுக்கு ஃபெட் (PhET) இணையதளத்தில் உள்ள உருவகப் பயிற்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில தமிழிலும் கிடைக்கும்.

திரை பெரியதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரு செல்பேசியைச் சுற்றி நின்றால் முன்னால் நிற்கும் மூன்று பேர்தான் பயணம் போவார்கள். டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் ஒன்று வாங்கிவிடுங்கள். வயர் இல்லாமல் செல்பேசியிலிருந்து டிவிக்கு அனுப்புவது நம் ஊர் நெட் வேகத்தில் நம்பக்கூடியதாக இல்லை.

மேசையில் இருக்க வேண்டியவை: மீட்டர் டேப், கிராஃப் தாள், நூல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், ஸ்கெட்ச் பேனா, உப்பு, உருளைக்கிழங்கு, இரண்டு டம்ளர், ஒரு பூகோள உருண்டை. உருண்டை கிடைக்காவிட்டால் பெரிய பந்து ஒன்று இருந்தால் போதும்.

3. முதல் நாள் இரவே ஓட்டிப் பாருங்கள்

நாளை காட்டப்போகும் ஒவ்வொரு காட்சியையும் அதே லேப்டாப்பில், அதே இணைப்பில் திறந்து பாருங்கள். திறந்ததும் அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு கோப்புறையில் வரிசையாக எண் போட்டு வையுங்கள். நெட் படுத்துவிட்டால் அந்தப் படங்களை வைத்தே பயணத்தை முடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மழைக்காலத்தில் முக்கியமான இரண்டு படங்களைத் தாளிலேயே அச்செடுத்து வைத்துவிடுவேன்.

செல்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 360 கோண வீடியோக்கள் டேட்டாவை விழுங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் பாதி வகுப்பிலேயே வேகம் குறைந்துவிடும். அசையாப் படங்களும் கூகுள் எர்த்தும் போதும். அந்த வீடியோக்களைப் பெரிய திரையில் வேகமாகச் சுழற்றினால் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றி வாந்தி வரும். இங்கே ஒரு பையனுக்கு வந்தது. அன்றோடு அதை நிறுத்திவிட்டேன்.

ஹாட்ஸ்பாட் கொடுக்கும் பேசியில் அழைப்பு வராதபடி செய்துவிடுங்கள். சன்னலுக்கு ஒரு போர்வையைக் கட்டுங்கள். மாலை வெயில் திரையில் அடித்தால் சுரங்கம் எது, வயல் எது என்று தெரியாது.

4. சொந்தத் தெருவில் தொடங்குங்கள்

முதல் பயணம் தூரத்து ஊருக்கு வேண்டாம். உங்கள் தெருவுக்கே போங்கள். திரையில் தெரிவது உண்மையான இடம்தான் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு முதலில் வர வேண்டும். அதைத் தரக்கூடியது அவர்கள் காலால் நடந்த இடம் மட்டும்தான்.

வாசலில் டேப்பை விரித்து 10 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஒவ்வொருவரும் இயல்பாக நடந்து எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணட்டும். பத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு நடையின் நீளம் வரும். பிறகு வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்து, எண்ணி, பெருக்கி, விடையை நோட்டில் எழுதட்டும்.

இப்போது திரையைப் போடுங்கள். அதே இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கூகுள் எர்த் அளவுகோலை இழுங்கள். கைக்கணக்கும் திரைக்கணக்கும் சில மீட்டர் தள்ளித்தான் வரும். "எது தப்பு?" என்று உடனே கேட்பார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். மாட்டைக் கண்டு விலகி நடந்தவர் யார், குழியைத் தாண்டியவர் யார், திரையில் புள்ளியைச் சரியாகத் தெருமுனையில் வைத்தோமா என்று அவர்களே பேசட்டும். அளவீட்டில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதைப் புத்தகத்தில் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இது முடிந்ததும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கும் கெடிலம் ஆற்றுக்கும் திரையிலேயே ஒரு நடை போய் வாருங்கள். அளவுகோல் கைக்குப் பழகிவிடும்.

5. மவுஸ் உங்கள் கையில் இருக்கக் கூடாது

புதியவர்கள் எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். தாங்களே மவுஸைப் பிடித்துக்கொண்டு, தாங்களே பேசிக்கொண்டு, சுற்றுலா வழிகாட்டியாகிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் பின்வரிசை சுவரில் சாய்ந்துவிடும்.

பிள்ளைகளை மூன்று பேர் கொண்ட நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு மவுஸ், ஒரு குழு அளவு எடுப்பது, ஒரு குழு படம் வரைவது, ஒரு குழு சந்தேகங்களை எழுதுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றுங்கள். மவுஸ் பிடித்திருக்கும் பிள்ளை தானாக எங்கும் போகக் கூடாது, மற்றவர்கள் சொல்லும் திசையில்தான் போக வேண்டும். "இன்னும் கொஞ்சம் வடக்கே" என்று சொல்லிப் பழகும்போது திசைகள் தானாக வந்துவிடுகின்றன.

6. நெய்வேலி: பள்ளத்தின் பரப்பு

நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பெரும்பயணம் கிடையாது. சிலருடைய வீட்டில் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் அளவெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் வானத்திலிருந்து பார்த்தாலே முழுப் பள்ளமும் படிப்படியாகத் தெரியும். மேல்மண்ணை வெட்டும் சக்கர எந்திரங்கள், மண்ணைக் கொண்டுபோகும் நீண்ட பட்டைகள் எல்லாவற்றையும் நெருங்கிப் பார்க்கலாம்.

அளக்கும் முறை இது. பார்வையை நேர் செங்குத்தாக வையுங்கள். கூகுள் எர்த் ப்ரோவில் 'ஆர்' விசையை அழுத்தினால் சாய்வு போய்விடும். சாய்ந்த பார்வையில் தூரத்துப் பக்கம் சுருங்கித் தெரியும், பரப்பு தப்பாக வரும். திரையின் கீழே உள்ள அளவுகோடும் சேரும்படி படம் எடுத்து அச்செடுங்கள். பிளாஸ்டிக் தாளில் ஒரு செ.மீ. கட்டம் போட்டுப் படத்தின் மேல் வையுங்கள். பள்ளத்துக்குள் முழுதாக விழும் கட்டங்களையும் பாதிக்கு மேல் விழும் கட்டங்களையும் எண்ணுங்கள். பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுங்கள்.

அளவுகோட்டைத் திரையில் அளக்காதீர்கள், தாளில் அளங்கள். அச்செடுக்கும்போது படம் சுருங்கும் அல்லது விரியும். அளவுகோடும் கூடவே சுருங்கி விரிவதால் தாளில் இருக்கும் கோடுதான் உண்மை பேசும்.

இனி எல்லாப் பிள்ளைகளும் விழும் குழி. தாளில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 செ.மீ. அரை கி.மீ. ஒரு சதுர செ.மீ. எவ்வளவு? பன்னிரண்டு பேரும் "அரை சதுர கிலோமீட்டர்" என்பார்கள். சரியான விடை கால் சதுர கிலோமீட்டர். எண்ணியது 60 கட்டம் என்றால் பரப்பு 15 சதுர கி.மீ.; அவர்கள் 30 என்று எழுதியிருப்பார்கள்.

சூத்திரத்தைச் சொல்லித் திருத்தாதீர்கள். நான் தோசைக்குப் போவேன். "தோசையை இரண்டு மடங்கு அகலமா வார்த்தா மாவு எத்தனை கரண்டி?" என்று கேட்டேன். "ரெண்டு" என்றான் ஒருவன். அவன் பக்கத்தில் இருந்த பெண் வீட்டில் தோசை வார்ப்பவள் போலிருக்கிறது, "போடா, நாலு கரண்டி ஆவும்" என்றாள். தாளில் வட்டம் வெட்டிப் பார்த்தோம். இரு மடங்கு அகலம், நான்கு மடங்கு கட்டம். அப்புறம் கால் சதுர கிலோமீட்டரை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரம் இருந்தால் கடிகாரப் பொத்தானை அழுத்திப் பழைய ஆண்டுப் படங்களைப் பாருங்கள். பள்ளம் ஒரு பக்கம் நகர்வதும், பின்னால் விட்டுவந்த இடம் மண் நிரம்பி மூடப்படுவதும் தெரியும். இரண்டு ஆண்டுகளின் ஓரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஆண்டுகளால் வகுத்தால் சுரங்கம் நகரும் வேகம் கிடைக்கும். வேகம் என்றால் பஸ்ஸும் ரயிலும்தான் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று ஒரு வேகம் இருப்பது புதிது.

அறிவியலுக்கு ஒரு கேள்வி: பள்ளத்தில் தண்ணீர் ஏன் நிரம்பவில்லை? நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. அது அடியிலிருந்து பிளந்துகொண்டு வராமல் இருக்க இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை உயரத் தூக்கிக்கொண்டு மறு நுனியிலிருந்து விரலை எடுக்கச் சொல்லுங்கள். சட்டை நனைந்த பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

7. பிச்சாவரம்: கிழங்கு முதலில், காடு பிறகு

இங்கே வரிசை ரொம்ப முக்கியம். வகுப்பு தொடங்கியதும் உருளைக்கிழங்கை ஒரே நீளமாக 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒன்றை நல்ல தண்ணீரிலும் ஒன்றைக் கெட்டியான உப்புத் தண்ணீரிலும் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகுதான் திரை. நீங்கள் சதுப்புக்காட்டைச் சுற்றி வருவதற்குள் உப்பில் கிடந்த துண்டு, சவ்வூடு பரவலால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறி, வளையத் தொடங்கியிருக்கும். திரை முடிந்த பிறகு போட்டால் பிள்ளைகள் காத்திருந்து சலித்துப்போவார்கள்.

வானத்திலிருந்து கால்வாய்களின் பின்னல் தெரியும், வேர்கள் தெரியாது. ஆகவே அருகிலிருந்து எடுத்த படங்கள் நான்கைந்து சேர்த்து வையுங்கள்: சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் சுவாச வேர்கள், ஊன்றுகோல் போல இறங்கும் முட்டு வேர்கள், மரத்தில் இருக்கும்போதே முளைத்துத் தொங்கும் விதை. "உப்பு கிழங்கையே துவள வைக்கிறதே, இந்த மரம் எப்படி நிமிர்ந்து நிற்கிறது?" என்று கேட்டுவிட்டு, இலையின் மேல் உப்பு பூத்திருக்கும் படத்தைக் காட்டுங்கள். உள்ளே வரும் உப்பைச் சில மரங்கள் இலை வழியே வெளியேற்றிவிடுகின்றன.

என் எண்ணம் இது: பிச்சாவரம் பஸ்ஸில் போகக்கூடிய தூரம். திரைப் பயணத்தை முன்தயாரிப்பாக வைத்துக்கொண்டு, முடிந்தால் நேரில் அழைத்துப் போய்விடுங்கள். அந்தச் சேற்றின் வாசனையைத் திரை தராது.

8. விண்வெளி நிலையம்: விரல் கனம்

உருண்டையைக் கொடுத்து, "விண்வெளி நிலையம் எங்கே இருக்கும், விரலை வை" என்று சொல்லுங்கள். கையை முழுதாக நீட்டுவார்கள். ஒருத்தி அறையின் மூலைக்கே போய் நின்றாள்.

இப்போது விகிதம். பூமியின் ஆரம் சுமார் 6400 கி.மீ., நிலையத்தின் உயரம் சுமார் 400 கி.மீ. அதாவது பதினாறில் ஒரு பங்கு. 30 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையின் ஆரம் 15 செ.மீ. அதில் பதினாறில் ஒரு பங்கு ஒரு செ.மீ.கூட இல்லை. சுண்டுவிரலை உருண்டையின் மேல் படுக்க வைத்தால் அந்தக் கனம்தான். "இவ்ளோ கிட்டயா அக்கா?" என்று எல்லோரும் தங்கள் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

பிறகு திரைக்குப் போங்கள். நிலையத்தின் உட்பகுதியைக் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் சுற்றிப் பார்க்கலாம். தரை எது, கூரை எது என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

திரும்பவும் நோட்டு. சுற்றுப்பாதையின் ஆரம் 6800 கி.மீ. 2 × 22/7 × 6800 போட்டால் சுமார் 42,740 கி.மீ. வேகம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வகுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு நாளில் கிட்டத்தட்ட 16 சுற்று, 16 விடியல். கடைசியாக, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கி.மீ. என்று கொண்டு அந்த வேகத்தில் எத்தனை நேரம் என்று கேளுங்கள். மூன்று விநாடிக்குள். பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு அந்த எண் புரியும்.

9. எட்டாம் வகுப்புக்கு மட்டும்: செர்ன்

ஜெனீவா அருகே செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்தில், பூமிக்கு அடியில் சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில் 27 கி.மீ. சுற்றளவில் ஒரு வளையச் சுரங்கப்பாதை. அதையும் ஸ்ட்ரீட் வியூவில் நடந்து பார்க்கலாம். முதலில் சுற்றளவை π-ஆல் (பை) வகுத்து விட்டம் 8.6 கி.மீ. என்று கண்டுபிடிக்கட்டும். ஆரம் 4.3. மஞ்சக்குப்பத்தை நடுவாக வைத்துக் கூகுள் எர்த்தில் வட்டம் போட்டால் தெற்கே முதுநகர்ப் பக்கம் வரை போய், கிழக்கே கடலுக்குள் இறங்கிவிடும். நம் ஊரின் மேல் அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் 27 கி.மீ. என்பது உறைக்கிறது.

அந்த வளையத்தில் புரோட்டான்கள் விநாடிக்கு 11,245 முறை சுற்றுகின்றன. 27-ஐ அதனால் பெருக்கச் சொல்லுங்கள்: 3,03,615 கி.மீ. ஒளியின் வேகம் விநாடிக்கு 2,99,792 கி.மீ. "அக்கா, வெளிச்சத்தையே தாண்டிடுச்சு!" என்று ஒருவன் எழுந்தே விட்டான். கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். பிறகு உண்மையான சுற்றளவைக் கொடுங்கள்: 26.659 கி.மீ. மறுபடி பெருக்கினால் சுமார் 2,99,780. ஒளிக்கு ஒரு மயிரிழை கீழே. முழுமையாக்கி எழுதிய எண்ணை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

10. திரையை அணைத்த பிறகு

டிவியை உண்மையாகவே அணைத்துவிடுங்கள். படம் நின்றுகொண்டிருந்தால் கண் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தில் மூன்றை எழுத வேண்டும்: அளந்த எண், அதை எப்படி அளந்தேன், இன்னும் தெரியாதது ஒன்று. நான்கு குழுவின் விடைகளையும் பலகையில் அருகருகே எழுதுங்கள். வேறுபட்டால் நல்லது, காரணத்தைத் தேடலாம். ஒரே விடையை எல்லோரும் எழுதியிருந்தால் யாரோ யாரையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது வரியை நான் தனியாக ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். அடுத்த பயணத்தின் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. இப்போது ஒட்டியிருப்பது ஆறாம் வகுப்புப் பெண் எழுதியது: "நெய்வேலியில் பம்பு வைத்து இறைக்கும் தண்ணீர் எல்லாம் எங்கே போகும்?" வரும் சனிக்கிழமை வாய்க்கால்களைப் பிடித்துக்கொண்டு திரையில் கிழக்கே வரப்போகிறோம். டேப்பும் நூலும் எடுத்து வைத்தாயிற்று.